ஊடல் விடுப்பு

அலாரம் அடிக்கும். அணைப்பேன். பல் தேய்ப்பேன். குளிப்பேன். தேநீர் இரண்டு கோப்பை போடுவேன். ஒன்று எனக்கு, ஒன்று அத்தைக்கு. ரொட்டி வாட்டுவேன். நாற்காலியை இழுத்து, இருக்கையைக் குனிந்து பார்த்து, பிறகு உட்காருவேன். சாப்பிடுவேன். சட்டையின் முன்பக்கத்தை மட்டும் இஸ்திரி போடுவேன். பின்பக்கத்தை நாற்காலிதான் பார்க்கப்போகிறது.

அத்தை என் மனைவியின் அம்மா. ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பு மேசையில் வேலை. வாயைத் திறக்கப் பயப்படுகிறவர்களைப் பேசவைப்பதில் கெட்டிக்காரர். மகளுக்கு உடம்பு முடியாதபோது ஒரு பெட்டியோடு வந்தார். மகள் போன பிறகு பெட்டியைப் பரணில் ஏற்றினார். போகிறேன் என்று அவரும் சொல்லவில்லை. இருங்கள் என்று நானும் சொல்லவில்லை.

அன்று திங்கட்கிழமை.

"மாப்பிள்ளை, சட்டைக்கு முதுகுன்னு ஒண்ணு இருக்கு, தெரியுமா?"

"தெரியும் அத்தை."

"கல்யாணத்தன்னிக்கு நீங்க திரும்பி நின்னப்பவே நெனச்சேன். இவரு முன்னாடி மட்டும்தான் மாப்பிள்ளைன்னு."

சிரிப்பு வரவேண்டிய இடம். வரவில்லை. "வரேன் அத்தை" என்று கிளம்பினேன்.

எங்கள் கம்பெனி நாற்காலி செய்கிறது. அலுவலக நாற்காலி, திரையரங்க நாற்காலி, ஆஸ்பத்திரி வராந்தாவில் நாலைந்து சேர்ந்து ஒரே கம்பியில் உட்கார்ந்திருக்கும் நாற்காலி. எனக்கு நாற்காலி செய்யத் தெரியாது. செய்பவர்கள் ஒருவருக்கொருவர் வேலையைக் கைமாற்றிக்கொள்ளும் உள்வலைத் தளத்தைப் பார்த்துக்கொள்கிறேன். எல்லோரும் அதைப் போர்ட்டல் என்பார்கள். ஓர் ஆர்டர் வந்தால் போர்ட்டலில் முதலில் துணி அறைக்குப் போகும். அங்கே நிறத்துக்கு ஒப்புதல் கிடைத்ததும் ஸ்டோருக்கு, பிறகு வெல்டிங்குக்கு, தையலுக்கு, கடைசியில் லாரிக்கு. ஒவ்வொரு படியிலும் ஒருவர் பெயர் இருக்கும். அவர் முன்னால் மூன்று பொத்தான்கள். ஒப்புதல், திருப்பு, நிறுத்திவை.

துணி அறைப் படியில் இருந்தவள் என் மனைவி. அப்போது மனைவி இல்லை.

போர்ட்டலைத் தொடங்கிய முதல் வாரம். எல்லோரும் பயந்துபோய் வந்ததற்கெல்லாம் ஒப்புதல் அழுத்திக்கொண்டிருந்தார்கள். அவள் மட்டும் வந்ததையெல்லாம் திருப்பினாள். குறிப்பில் ஒரே வாசகம்: 'திரையில் நிறம் தெரியாது. நேரில் வாங்க.'

நேரில் போனேன். போனில் ஒரு மெரூன் துணியின் படத்தைக் காட்டி, "இதுல என்னங்க தெரியல?" என்றேன். அவள் அதே துணியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். அது மெரூன் இல்லை. செங்கல்.

"இத நம்பி ஒரு தியேட்டருக்கு நாற்காலி அனுப்பியிருந்தா, சார் போய் எல்லாத்துக்கும் பெயின்ட் அடிப்பீங்களா?"

"யாரும் நேர்ல அலையக்கூடாதுன்னுதான் போர்ட்டலே செஞ்சிருக்கு."

"அப்ப நீங்க ஏன் வந்தீங்க?"

பதில் தெரியவில்லை. தெரிந்துகொள்ள மறுநாளும் போனேன்.

கல்யாணமான பிறகு வீட்டில் நான் 'நீ' ஆனேன். அலுவலகத்தில் 'சார்' ஆகவே இருந்தேன். புதிதில் ஒருநாள் அவள் மூக்குக்கண்ணாடி மேல் உட்கார்ந்துவிட்டேன். கழற்றிச் சாப்பாட்டு மேசை நாற்காலியில் வைத்திருந்தாள். நொறுங்கிய சத்தம் சிறியது. அதன் பிறகு வந்த அமைதிதான் பெரியது. மறுநாள் காலை போர்ட்டலின் சோதனைப் பகுதியில் ஒரு புதிய படிவம் இருந்தது. புதிய படிவங்களை யார் கண்ணிலும் படாமல் செய்து பார்க்கும் இடம் அது. பழகிப் பார்க்கிறேன் என்று அவள் அதற்கு அனுமதி வாங்கி வைத்திருந்தாள்.

ஊடல் விடுப்பு.
யாரோடு: கணவர்.
காரணம்: நாற்காலிக் கம்பெனியில் சம்பளம் வாங்குகிறார், உட்காரத் தெரியவில்லை.
எத்தனை நாள்: பார்க்கலாம்.
சமாதானத்துக்கு என்ன வேண்டும்: புதுக் கண்ணாடி. போனதைவிட அழகாக.

சோதனைப் பகுதியில் எந்தப் பொத்தானையும் யாரும் அழுத்தலாம். ஒப்புதல் அழுத்தினேன். அதன் பிறகு சோதனைப் பகுதி எங்கள் வீட்டின் இன்னோர் அறை ஆகிவிட்டது. 'குறட்டை பற்றிய புகார்.' 'மாமியார் வருகை அறிவிப்பு.' 'ஞாயிற்றுக்கிழமை எங்கேயும் போகாமல் படுத்திருக்க அனுமதி.' இந்தக் கடைசி விண்ணப்பத்தை நான் எத்தனை முறை போட்டாலும் அவள் திருப்பினாள். நேரில் வாங்க. அடுத்த அறையில் உட்கார்ந்துகொண்டு.

போன வருடம் ஓர் அறுவை சிகிச்சை. சின்னதுதான் என்றார்கள். அவள் வெளியே வரவில்லை.

கடைசியாக அவள் என்ன சொன்னாள் என்று அத்தை எல்லோரிடமும் சொல்வார். "'அம்மா, அவரப் பாத்துக்கோ'ன்னு சொல்லிட்டுத்தான் உள்ள போனா." உறவினர்களுக்குச் சொல்வார். பல் பிடுங்க வந்தவர்களுக்கும் சொல்வார். அவர்கள் வாயில் பஞ்சு இருப்பதால் தலையை மட்டும் ஆட்டுவார்கள். உண்மையில் அத்தை அந்த நேரத்தில் காபி வாங்கக் கீழே போயிருந்தார். நான் திருத்தியதில்லை.

வேலையை விட்டுப் போனவர்களின் போர்ட்டல் கணக்கை மூடுவது என் பொறுப்பு. ஓய்வுபெற்ற வாட்ச்மேன் கணக்கை மூடினேன். வேறு கம்பெனிக்குத் தாவிய விற்பனைக்காரர் கணக்கை அவர் கேட்டைத் தாண்டுவதற்குள் மூடினேன். அவளுடையதை மூடவில்லை. அவள் பெயருக்குப் பக்கத்தில் 'பணியில்' என்றே இருந்தது. மூடினால் பெயர் போய்விடும். அவள் உருவாக்கிய படிவங்களும் ஆளில்லாதவை என்று அழிந்துவிடும். நிறத்துக்கு ஒப்புதல் தரும் வேலையை மட்டும் தையல் பிரிவு அக்காவுக்கு மாற்றினேன். அவளுடைய கூட்டாளி அவர். மற்றதைத் தொடவில்லை.

மனிதவளப் பிரிவு மேடம் பொறுமைசாலி. முதலில் ஒருமுறை கேட்டார். பிறகு இன்னும் மெதுவாகக் கேட்டார். பழைய போர்ட்டலிலிருந்து புதியதற்கு மாற நாள் குறித்ததும் என் மேசைக்கே வந்துவிட்டார்.

"தம்பி, போனவங்க கணக்கெல்லாம் மூடியாகணும். எல்லாம்னா எல்லாம். திங்கட்கிழமை சாயங்காலத்துக்குள்ள நீங்க மூடலேன்னா நான் மூட வேண்டியிருக்கும். அத நான் செய்யக்கூடாதுன்னு பாக்குறேன்."

"செஞ்சிடறேன் மேடம்."

ஞாயிற்றுக்கிழமை யாரும் இல்லாத அலுவலகத்தில் மாற்ற உட்கார்ந்தேன். புதிய போர்ட்டல் கேட்டது: எல்லாவற்றையும் கொண்டுவரவா, தேர்ந்தெடுத்துக் கொண்டுவரவா? தேர்ந்தெடுப்பது என்றால் ஒவ்வொரு பெயரும் ஒரு சிறு கட்டத்தோடு வரும். டிக் அடிக்க வேண்டும், அல்லது அடிக்காமல் விட வேண்டும். அவள் பெயரும் அப்படி வரும். 'எல்லாம்' என்பதை அழுத்திவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன்.

எல்லாம் என்றால் எல்லாம். சோதனைப் பகுதியும் சேர்த்து.

திங்கட்கிழமை கேட்டுக்குள் நுழைந்ததுமே ஏதோ தவறு என்று தெரிந்தது. எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒரு வருடமாக என்னைப் பார்த்தால் யாரும் சிரிப்பதில்லை. சிரித்துக்கொண்டிருப்பவர்களும் முகத்தைச் சரிசெய்துகொள்வார்கள்.

படியில் அக்கா நின்றிருந்தார். கழுத்தில் அளவு நாடா.

"தம்பி, மாமியார் வர்றதுன்னா கம்பெனிக்கு எத்தன நாள் முன்னாடி தெரிவிக்கணும்?"

"என்னக்கா?"

"போர்ட்டல்ல கேக்குதே. வருகையின் நோக்கம், தங்கும் நாட்கள், 'கணவர் தாங்குவாரா, ஆம், இல்லை'ன்னு. எங்க வீட்டுக்காரருக்கு ரெண்டுமே பொருந்தாது. ஓடிருவாரு."

ஓடினேன். கணினியைத் திறந்தேன். முகப்புப் பக்கத்தில், பயணப்படிக்கும் பாதுகாப்புக் காலணிக்கும் நடுவில், அதே எழுத்தில், அதே நீலப் பட்டையில் நின்றது. ஊடல் விடுப்பு. கீழே குறட்டை. அதற்குக் கீழே மாமியார்.

உடனே அழித்திருக்கலாம். எத்தனை விண்ணப்பம் வந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு அழிக்கலாம் என்று திறந்தேன். பக்கம் உருண்டுகொண்டே போனது. படிவத்தை உருவாக்கியவள் அவள் என்பதால் ஒப்புதலும் அவளிடமே. 'யாரிடம் நிலுவை' என்ற பத்தியில் மேலிருந்து கீழ்வரை அவள் பெயர். ஒரு வருடமாக அந்தப் பெயரின் கீழ் எதுவும் அசையவில்லை. இப்போது நான் பார்க்கப் பார்க்க அங்கே வேலை சேர்ந்துகொண்டிருந்தது.

படித்தேன்.

லாரி டிரைவர். யாரோடு: போனில் வழி சொல்கிற பெண்மணி. காரணம்: ஏரிக்குள் திரும்பச் சொன்னாள்.

கணக்குப் பிரிவு. யாரோடு: பிரிண்டர். காரணம்: அதற்கே தெரியும்.

முதலாளி. ஆமாம், முதலாளிதான். யாரோடு: என் டாக்டர். காரணம்: சர்க்கரை. சமாதானத்துக்கு என்ன வேண்டும்: ஒரு ஸ்பூன் போதும்.

அதற்கடுத்து வெல்டர்.

வெல்டரையும் ஸ்டோர்காரரையும் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு சுவர், சுவரில் ஒரு ஜன்னல். ஒரு காலத்தில் ஒரே டப்பாவில் சாப்பிட்டவர்கள். போர்ட்டல் வந்த புதிதில் ஏதோ மனத்தாங்கல். பேச்சு நின்றுவிட்டது. பேச வேண்டிய அவசியத்தைத்தான் நான் எடுத்துவிட்டேனே. வெல்டர் தனக்கு வேண்டியதைப் போர்ட்டலில் போடுவார். ஸ்டோர்காரர் ஒப்புதல் அழுத்தி, பொருளை ஜன்னலில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார். அவர் போன பிறகு வெல்டர் வந்து எடுத்துக்கொள்வார். ஒரு வார்த்தை கிடையாது. வேலை வேகமாக நடக்கிறது என்று முதலாளி எனக்குக் கைகொடுத்தார்.

வெல்டர் எழுதியிருந்தார். யாரோடு: ஸ்டோர். காரணம்: கையுறை கேட்டேன். இரண்டும் இடது கை. மாற்றச் சொன்னால், பிரித்ததைத் திருப்ப முடியாது, போர்ட்டலில் அப்படித்தான் இருக்கிறது என்றான். எத்தனை நாள்: நடந்துகொண்டிருக்கிறது. சமாதானத்துக்கு என்ன வேண்டும்: ஒரு வலது கை.

சற்றுக் கீழே ஸ்டோர்காரர். யாரோடு: வெல்டிங். காரணம்: பெட்டி அப்படித்தான் வந்தது, என் தப்பில்லை. அதற்காக எல்லார் முன்னாலும் என்னை 'சார்' என்று கூப்பிட்டான். எத்தனை நாள்: போதும். சமாதானத்துக்கு என்ன வேண்டும்: பழையபடி மச்சான் என்று கூப்பிட வேண்டும்.

ஒருவர் போட்டது மற்றவருக்குத் தெரியாது. ஒப்புதல் தருபவருக்கு மட்டும்தான் தெரியும்.

மேடம் வந்தார். முகத்தைக் கண்டிப்பாக வைத்துக்கொள்ளப் படாதபாடு பட்டார்.

"தம்பி, என்ன இது?"

"தப்பு மேடம். மாத்தும்போது சோதனைப் பகுதியும் கூடவே வந்திடுச்சு. எடுத்துடறேன்."

"எடுக்கத்தான் வேணும்." நின்றார். "எடுத்தா, போட்டவங்க விண்ணப்பமெல்லாம் என்னாகும்?"

"அதுவும் போயிடும்."

"ஓஹோ."

போகவில்லை. என் மேசை விளிம்பில் இல்லாத தூசியைத் தட்டினார்.

"இல்ல, காலைல சும்மா எப்படி இருக்குன்னு பாக்க... நானும் ஒண்ணு போட்டேன்."

"யாரோட மேடம்?"

"உங்களோடதான்."

திரையைப் பார்த்தேன். இருந்தது. காரணம்: ஒரு வருடமாக வணக்கம் சொன்னால் கம்ப்யூட்டரைப் பார்த்துப் பதில் சொல்கிறார். சமாதானத்துக்கு என்ன வேண்டும்: முகம்.

மறுபடி திரையையே பார்த்தேன்.

"பாருங்க, இப்பவும் அதே," என்றார் மேடம். பிறகு குரலைத் தாழ்த்தினார். "சாயங்காலத்துக்குள்ள அந்தக் கணக்க மூடணும். அதுல மாத்தமில்ல. ஆனா நிலுவை இருக்கிற கணக்க மூட முடியாது. அதுவும் விதிதான். அத்தனைக்கும் பதில் போட்டுட்டு மூடுங்க."

போய்விட்டார். அவர் செருப்புச் சத்தம் வராந்தா திரும்பும்வரை கேட்டது. திரும்பியதும் சிரிப்புச் சத்தம் கேட்டது.

நிர்வாகிக்கு ஒரு வசதி உண்டு. வர முடியாதவர் சார்பில் பொத்தான் அழுத்தலாம். அவள் பெயருக்குள் போனேன். மூன்று பொத்தான்கள். ஒப்புதல் அழுத்தினால் எல்லோரும் முறைப்படி முகத்தைத் திருப்பிக்கொண்டு திரிவார்கள். நிறுத்திவைத்தால் என்ன ஆகும் என்று எனக்கே தெரியும். ஒரு வருடமாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். மிச்சம் ஒன்றுதான்.

எல்லாவற்றையும் குறித்து, திருப்பு என்று அழுத்தினேன். குறிப்பு எழுதச் சொல்லி ஒரு பெட்டி திறந்தது. எதுவும் எழுதவில்லை. அவள் எப்போதும் போடும் குறிப்பைப் போர்ட்டல் தானே எடுத்து நீட்டியது.

'திரையில் நிறம் தெரியாது. நேரில் வாங்க.'

அனுப்பினேன்.

கட்டடம் முழுக்கப் போன்கள் கிணுகிணுத்தன. வெல்டிங் பக்கம் யாரோ "ஏய்!" என்றார்கள். பிறகு தேநீர் இடைவேளைக்கு மணி அடித்தது.

நேரில் என்றால் எங்கே என்று நான் யோசிக்கவில்லை. அவர்களுக்கு யோசிக்க ஒன்றுமில்லை. அந்த வாசகம் வந்தால் எங்கே போக வேண்டும் என்று கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும். அக்காவிடமிருந்து போன் வந்தது.

"தம்பி, துணி அறையில கால் வைக்க எடமில்ல. ஒருத்தன் வெல்வெட் ரோல் மேல ஏறி நிக்கிறான். யாரு வரச் சொன்னது?"

"நான்தான்க்கா. அதாவது... வரேன்."

ஒரு வருடமாக அந்த அறைக்கு நான் போகவில்லை. சாப்பிடப் போவதற்குக்கூடச் சுற்றுவழியில்தான் போவேன். இப்போது நேர்வழியில் போனேன். கதவருகே கூட்டம் எனக்கு வழிவிட்டது.

ரோல்கள் அதே அலமாரியில். மாதிரித் துண்டுகள் அதே வளையங்களில். ஜன்னல் திறந்திருந்தது. ஜன்னலருகே அவள் நாற்காலி. மிஞ்சிய மாதிரித் துண்டுகளை ஒட்டுப்போட்டு அக்கா அவளுக்குத் தைத்துக் கொடுத்தது. எங்கள் கம்பெனி செய்ததிலேயே அசிங்கமான நாற்காலி. கூட்டத்தில் எல்லோரும் நசுங்கிக்கொண்டு நின்றார்கள். அதில் யாரும் உட்காரவில்லை.

"உக்காருங்க," என்றார் அக்கா. "விண்ணப்பம் கேக்குறவங்க நின்னுக்கிட்டா கேப்பாங்க?"

குனிந்து இருக்கையைப் பார்த்தேன்.

"பாருங்கய்யா," என்றார் லாரி டிரைவர். "நாற்காலிக் கம்பெனியிலயே நாற்காலிய நம்பாத ஒரே ஆளு."

அறை சிரித்தது. உட்கார்ந்தேன்.

அந்தச் சிரிப்புக்கு நடுவில் வெல்டர் ஒரு கதவு வழியாக வந்தார். ஸ்டோர்காரர் சாவிக்கொத்தோடு மறு கதவு வழியாக வந்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். பின்னால் கூட்டம் அடைத்துக்கொண்டது. திட்டமிட்டு என்றுதான் நினைக்கிறேன்.

"ரெண்டு பேரும் போட்டிருக்கீங்க," என்றேன்.

"இவனா?" என்றார் வெல்டர்.

"இவனா?" என்றார் ஸ்டோர்காரர். ஒரே நேரத்தில்.

"நான் படிச்சுச் சொல்ல முடியாது. அவங்கவங்க வாயால சொல்லணும். நேர்லன்னா அதுதான்."

வெல்டர் கூரையைப் பார்த்தார். மின்விசிறியிடம் சொல்வதுபோலச் சொன்னார். "ரெண்டும் லெஃப்ட்டு."

"பெட்டியே அப்படித்தான்யா வந்துச்சு," என்றார் ஸ்டோர்காரர், அதே மின்விசிறியிடம். "பாதிப் பெட்டி லெஃப்ட்டு. பாதிப் பெட்டி ரைட்டு. ரைட்டெல்லாம் இன்னும் அடுக்குல கெடக்கு."

வெல்டர் பார்வை மெதுவாகக் கூரையிலிருந்து இறங்கியது.

"ரைட்டு இருக்கா?"

"அடுக்கு நெறைய."

"அத அன்னிக்கே சொல்லித் தொலைக்கிறதுக்கு என்ன?"

"நீ கேக்கலயே. போர்ட்டல்ல 'கையுறை'ன்னு போட்ட. 'வலது'ன்னு போடல."

யாரோ முதலில் சிரித்தார்கள். யார் என்று திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான்தான். நிறுத்த முடியவில்லை. ஒட்டுப்போட்ட நாற்காலி கிறீச்சிட்டது. கண்ணில் தண்ணீர் வந்தது. அதைத் துடைத்துக்கொண்டே சிரித்தேன். பிறகு யார் சிரிக்கிறார்கள் யார் இல்லை என்று பிரிக்க முடியாதபடி ஆகிவிட்டது. வெல்வெட் ரோல் மேல் நின்றவர் கீழே விழுந்தார். துணி என்பதால் அடியில்லை.

வெல்டருக்கு வாய் கோணிக்கொண்டது. அடக்கிப் பார்த்தார். முடியவில்லை.

"இத்தன வருஷமா ரெண்டு எடது கையோட வெல்டிங் பண்ணியிருக்கேன். போய் எடுத்துட்டு வாடா மச்சான்."

ஸ்டோர்காரர் ஒரு கணம் நின்றார். அவர் என்ன கேட்டிருந்தார் என்று அந்த அறையில் அவருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை, சத்தியமாக. பிறகு ஓடினார். சாவிக்கொத்து ஸ்டோர்வரை ஒலித்துக்கொண்டே போனது.

"போர்ட்டல்ல போட்டுட்டு எடுத்து வைடா!" என்று வெல்டர் பின்னாலிருந்து கத்தினார்.

"போர்ட்டலும் ஆச்சு, மண்ணும் ஆச்சு!" என்று பதில் வந்தது.

கதவருகே முதலாளி எட்டிப் பார்த்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை.

"என் ஸ்பூன் என்னாச்சு?"

"டாக்டர நேர்ல வரச் சொல்லுங்க சார். பேசி முடிப்போம்," என்றார் அக்கா.

கூட்டம் கலைந்த பிறகு அக்கா ஒரு கோப்பைத் தேநீரை என் கையில் கொடுத்தார்.

"என் விண்ணப்பமும் இருந்துச்சே, படிச்சீங்களா?"

படித்திருந்தேன். யாரோடு: தம்பி. காரணம்: அவள் போனதிலிருந்து இந்தப் பக்கமே வருவதில்லை. சமாதானத்துக்கு என்ன வேண்டும்: ஒரு டீ. இங்கே உட்கார்ந்து.

"படிச்சேன்க்கா."

"அப்ப குடிங்க." எதிரில் ஒரு துணிக்கட்டின் மேல் உட்கார்ந்தார். "காலைல மொதல்ல நாலு பேருதான் வெளையாட்டுக்குப் போட்டாங்க. போட்டதுக்கப்புறம் பாத்தா, 'நிலுவை'ன்னு அவ பேரு. அதப் பாத்துட்டுத்தான் மத்தவங்கல்லாம் போட்டாங்க. அவளுக்கு ஒரு வேல குடுத்த மாதிரி இருக்கட்டுமேன்னு."

தேநீரைக் குடித்து முடித்தேன். ஆறியிருந்தது. நன்றாக இருந்தது.

மாலை மேசைக்கு வந்தேன். நிலுவை எதுவும் இல்லை. மூடலாம். மூடுவதற்கு முன் ஊடல் விடுப்பைத் திறந்தேன். படிவத்தின் உரிமையை அக்கா பெயருக்கு மாற்றினேன். ஒப்புதல் தருபவர் என்ற இடத்தில், 'யாரோடு' என்று எழுதப்படுகிற ஆள்தான் இனி எப்போதும் என்று விதி போட்டேன். யாரிடம் கோபமோ அவரிடமே போய்ச் சேரும். ஒப்புதல் பொத்தானை எடுத்தேன். நிறுத்திவை பொத்தானை எடுத்தேன். திருப்பு மட்டும் போதும். குறிப்புப் பெட்டியில் அவள் வாசகத்தை வைத்து, யாரும் மாற்ற முடியாதபடி பூட்டினேன்.

புதிய படிவத்துக்கு மனிதவளப் பிரிவின் அனுமதி வேண்டும். அனுப்பினேன். உடனே வந்துவிட்டது. குறிப்பில்: 'ஊடல் இருக்கட்டும். குறட்டையை எடுக்கவும். கூட்டங்களில் சிக்கல் வரும்.'

பிறகு அவள் பெயரைத் திறந்தேன். 'மூடவா?' என்று கேட்டது. மூடினேன். 'பணியில்' என்பது போய்விட்டது. ஜன்னலுக்கு வெளியே வெல்டர் இரண்டு கைகளையும் தூக்கி யாருக்கோ காட்டிக்கொண்டிருந்தார். ஒரு கையுறை பழையது. ஒன்று புத்தம் புதிது.

வராந்தாவில் மேடம் எதிரே வந்தார். "வணக்கம் மேடம்" என்றேன், முகத்தைப் பார்த்து.

"ம்ம். என் விண்ணப்பத்த வாபஸ் வாங்கிக்கிறேன்," என்றார்.

வீட்டில் அத்தை கீரையை ஆய்ந்துகொண்டிருந்தார். நாற்காலியை இழுத்து, பார்த்து, உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவ்வளவு வாக்கியங்களை ஒரே மூச்சில் நான் பேசி ரொம்ப நாளாகிறது. 'கணவர் தாங்குவாரா' என்ற இடத்தில் அத்தை கீரையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்.

"நீங்க என்னன்னு போட்டீங்க மாப்பிள்ளை?"

"ஆம்னுதான்."

"பொய்."

"திருப்பிட்டா. பொய்ன்னு எழுதி."

மறுபடி சிரித்தார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கீரையை எடுத்தார். பிறகு தண்டைக் கிள்ளாமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"நான் அந்த நேரத்துல கீழ போயிருந்தேன்."

"தெரியும் அத்தை."

"நானா ஒண்ணு சொல்லிக்கிட்டுத் திரியறேன். அதுவும் தெரியுமா?"

"தெரியும்."

"நிஜமா என்னதான் சொன்னா?"

அறுவை சிகிச்சை அறைக் கதவருகே ஸ்ட்ரெச்சர் நின்றது. கண்ணாடியைக் கழற்றச் சொன்னார் நர்ஸ். கழற்றி என் கையில் கொடுத்தாள். கண்ணாடி இல்லாமல் என்னை அவளுக்குக் கலங்கலாகத்தான் தெரிந்திருக்கும். எனக்குப் பின்னால், சுவரோரம், ஒரே கம்பியில் நாலைந்து நாற்காலிகள். எங்கள் கம்பெனி நாற்காலிகள். அந்த நீலம் அவள் ஒப்புதல் கொடுத்தது. அது மட்டும் அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சிரித்தாள். சொன்னாள். அதை அப்படியே அத்தையிடம் சொன்னேன்.

"கண்ணாடிய நாற்காலியில வைக்காத. பாக்காம உக்காந்துடுவ."